சீட்டு யாருக்கு விழுந்தது?



பனிக்காலம் தொடங்கிவிட்டால் பிக்கரிங், அஜாக்ஸ், ஸ்காபரோ ஆகிய இடங்களிலுள்ள எமது வீடுகளில் சனிக்கிழமை இரவுகள் ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே கழிகின்றன. மேலே சமையலும் பேச்சும் நடக்கும். கீழே நிலவறையில் சீட்டு நடக்கும். மூத்தவர்கள் ஒரு மேசையில் முந்நூற்றிநாலு ஆடுவர். பிள்ளைகள் மற்றொரு மேசையில் போக்கர் ஆடுவர். ஆள் குறைந்தால் பிள்ளைகள் எங்களையும் அழைப்பதுண்டு. அவ்வாறு அழைக்கப்பட்டு, காசுக்குப் பதிலாகக் கச்சான் கொட்டைகளைப் பந்தயமாக வைத்து நானும் அந்த மேசையில் அமர்ந்திருக்கிறேன்.

இத்தகைய வீடொன்றிலிருந்து வாசகி ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் இரண்டு கேள்விகள் கேட்கிறார். வேதக்காரர் சீட்டைத் தொடலாமா என்பது முதலாவது. தம் மகன் செபம் செய்துவிட்டு ஆடியபடியால்தான் வென்றதாகச் சொல்கிறான், அது சரியா என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு விடை கூறுவது இலகு. இரண்டாவது கேள்வியோ, அகதிகளாக வந்த எம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் வேறு வடிவத்தில் கிடக்கும் கேள்வி. ஆகவே சற்று ஆறுதலாகவே விடை தேடவேண்டும்.

எமது முன்னோர் சீட்டைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் உண்டு. 1816இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மிசனரிமார் சீட்டையும் மதுவையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்த மரபிலிருந்து வந்தவர்கள். சைவர்களுக்கோ மிசனரிமார் சொல்லித் தரவேண்டிய தேவை இருக்கவில்லை. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதைப் பற்றியது. நாட்டையும் தம்பியரையும் தன்னையும் மனைவியையும் பந்தயத்தில் வைத்திழந்த தருமனின் கதை கோயில் வீதியிற் கூத்தாகவும் எமக்குத் தெரியும். இரண்டு மரபுகளும் எச்சரித்தது ஒன்றையே: உழைப்பின்றி மற்றவன் பொருளைப் பறிக்கும் ஆசையை. சீட்டு அந்த ஆசைக்குக் கருவியாகலாம். கருவியாகாமலும் இருக்கலாம். செத்தவீட்டில் இரவு முழுதும் விழித்திருப்பதற்காகத் திண்ணையிற் பாய் விரித்து முந்நூற்றிநாலு ஆடியவர்களைச் சூதாடிகள் என்று எவரும் சொன்னதில்லை. துக்கத்தில் இருந்த வீட்டைத் தனியே விடாமல் காத்தது அந்த ஆட்டம்.

முந்நூற்றிநாலை நன்கு கவனித்தால் அதற்குள்ளே ஒரு வேதபாடம் கிடப்பது தெரியும். ஒவ்வொரு இனத்திலும் எட்டுச் சீட்டுகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 76. நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. ராசாவுக்கு வெறும் 3 கொடுத்து, அரண்மனை வேலையாளாகிய ஜாக்குக்கு 30 கொடுத்த ஆட்டம் இது! தம் சீடர்கள் யார் பெரியவர் என்று தமக்குள் போட்டியிட்டபோது, பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்று இயேசு சொன்னதை மாற்கு எழுதிவைத்தார். அந்தத் தலைகீழ் ஒழுங்கை எங்கள் கிராமத்துப் பெரியவர்கள் வேதம் படியாமலே சீட்டுக்கட்டிற் பழகி வைத்திருந்தார்கள்.

இன்னொன்று, துரும்பு. கவிழ்த்து வைக்கப்பட்ட துரும்பு வெளிப்பட்டால், அதன் ஒன்றுமில்லாத ஏழும் வேறு இனத்து ஜாக்கை வெட்டிவிடும். சீட்டாட்டத்தின் இந்தச் சொல் போர்த்துக்கேயரின் ‘துருன்ஃபோ’, ஆங்கிலேயரின் ‘ட்ரம்ப்’ ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றின் மூலம் வெற்றி ஊர்வலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஆனால் தமிழில் துரும்பு என்றால் காற்றில் பறக்கும் சிறு வைக்கோல். சகோதரனின் கண்ணிற் கிடப்பதாக மலைப்பிரசங்கத்தில் வரும் அதே துரும்பு. வெற்றிக்கும் அற்பத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது தமிழ்ச் சீட்டுக்காரரின் தற்செயலான பேறு. அற்பமானவற்றைக் கொண்டே கடவுள் பலமானவற்றை வெட்கப்படுத்துகிறார் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை விளக்க இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, முந்நூற்றிநாலில் எதிரே ஒரு கூட்டாளி இருக்கிறார். அவரோடு பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. அவர் இடும் சீட்டை மட்டும் நம்பி நாம் எமது சீட்டை இடவேண்டும். அவர் பிடிக்கப்போகும் பிடியில் எமது பத்தையும் ஆசையும் மனமுவந்து போட வேண்டும். கணக்கு முடிவில் இது உன்னுடையது, இது என்னுடையது என்ற பேச்சே இல்லை.

போக்கர் வேறு வகை. அதில் கூட்டாளி இல்லை. ஒவ்வொருவர் கையிலும் மறைவான இரண்டு சீட்டுகள். மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள். பொதுவானவை எல்லோருக்கும் ஒன்றே. தன் கையில் வந்த இரண்டை வைத்து ஒவ்வொருவரும் வெவ்வேறு கதை எழுதுகிறார்கள். நன்றாக ஆடுபவர் பெரும்பாலான முறைகளிற் சீட்டை மடித்து வைத்துவிட்டுப் பொறுமையாக இருப்பவரே. பொறுமை, தன்னடக்கம், கையில் வந்ததைக் குறைகூறாமை ஆகியவற்றை இந்த ஆட்டமும் கற்பிக்கும். ஆனால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிப்பது அவரை அறிவதற்காக அன்று, வீழ்த்துவதற்காக. கச்சான் கொட்டை டொலராக மாறினால் இந்த வேறுபாடு மிகவும் பெரிதாகிவிடும்.

இனி வாசகியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2007 ஜூலை மாதம் லாஸ் வேகாஸ் நகரில் உலகப் போக்கர் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்கள் கலந்துகொண்ட போட்டியில் இறுதியாக எஞ்சிய இருவரும் அகதிகள் என்பது எம்மிற் பலர் அறியாத செய்தி. ஒருவர் ஜெரி யாங். லாவோஸ் நாட்டின் மொங் இனத்தவர். போரின் பின் குடும்பத்தோடு தப்பி, தாய்லாந்தின் அகதி முகாமில் இருந்து, அமெரிக்காவை அடைந்தவர். உளவியல் கற்றுச் சமூகப் பணி செய்துவந்த கிறிஸ்தவர். 225 டொலர் கட்டி ஆடிய சிறிய போட்டியொன்றில் வென்று அங்கு வந்தவர். மற்றவர் துவான் லாம். வியட்நாமிற் பிறந்து, அகதி முகாமைக் கண்டு, கனடாவுக்கு வந்து எமக்கு அயலூராகிய மிசிசாகாவில் வாழ்ந்தவர். வென்ற வேளைகளிலெல்லாம் அவர் கனடியக் கொடியை உயர்த்தி அசைத்தார்.

கடைசி முறையில் யாங்கின் கையில் இரண்டு எட்டுகள். லாமின் கையில் ஆசும் ராணியும். நடுவே முதலில் விழுந்த மூன்று சீட்டுகளில் ஒரு ராணி இருந்தது, லாம் முந்தினார். அதன் பிறகு ஏழு விழுந்தது. இறுதியாக ஆறு விழுந்தது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசை கூடி யாங் வென்றார். அவருக்கு 82 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். லாமுக்கு 48 இலட்சத்துக்கு மேல். அந்த மேசையில் யாங் எல்லோர் காதிலும் விழும்படி கடவுளை நோக்கி மன்றாடியதைத் தொலைக்காட்சியில் உலகம் பார்த்தது.

கடவுள் அந்த ஆறை யாங்குக்காகத்தான் விழச்செய்தாரா? அப்படியானால் லாம் என்ன குற்றம் செய்தார்? அவரும் முகாமிலிருந்து வந்தவர்தானே?

சீட்டுக்கட்டில் இந்தக் கேள்வி வேடிக்கையாக இருக்கலாம். எமது வாழ்க்கையில் அது வேடிக்கை அன்று. “ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்” என்று சாட்சி சொல்லாத அகதிக் குடும்பம் இல்லை. ஷெல் எமது வளவில் விழாமல் அடுத்த வளவில் விழுந்தது. எமது வழக்கு ஏற்கப்பட்டது. ஒரே விமானத்தில் வந்தவரின் வழக்கு நிராகரிக்கப்பட்டது. நன்றி சொல்வது நியாயமே. ஆனால் அந்த நன்றியைச் சற்று அசட்டையாகச் சொன்னால், அடுத்த வளவில் இறந்தவரைக் கடவுள் கைவிட்டார் என்றும் நாம் சொல்லிவிடுகிறோம். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் சனங்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். வேதக்காரரும் இருந்தனர், சைவர்களும் இருந்தனர். குண்டுகள் அங்கேயே விழுந்தன. அவர்கள் செபிக்காதவர்களா? எங்களைவிடக் குறைவாக நம்பியவர்களா? அவ்வாறு சொல்ல எந்த நாவுக்குத் துணிவு வரும்?

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே விடை கூறினார். லூக்காவின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இதைக் காணலாம். கோபுரம் விழுந்ததைக் கொண்டு ஒருவனுடைய நெஞ்சை அளக்காதே என்பதே அதன் பொருள். நல்லோர்மீதும் தீயோர்மீதும் ஒரே மழை பெய்கிறது என்று அவர் சொன்னதும் அதுவே.

தமிழ் வேதாகமத்தில் ‘சீட்டு’ என்ற சொல்லே வருகிறது. யூதாசு விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப இருவர் நிறுத்தப்பட்டனர்: யுஸ்து என்னும் யோசேப்பு, மத்தியா. சீடர்கள் செபித்துச் சீட்டுப்போட்டார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. நான் யோசிப்பது யுஸ்துவைப் பற்றி. அவரும் இயேசுவோடு ஆரம்பந்தொட்டு நடந்தவர். அவரிடம் குறையிருந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் ஒரு சொல்லும் கூறவில்லை. சீட்டு மத்தியாவுக்கு ஒரு பணியைக் கொடுத்தது. யுஸ்துவின் மதிப்பைக் குறைக்கவில்லை.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடியது இது. தம்பி, ஆடுமுன் செபம் செய்வதில் தவறில்லை. ஆனால் நல்ல சீட்டுக்காகச் செபித்தால் எதிரில் இருக்கும் உன் மச்சானுக்குக் கெட்ட சீட்டு வரவேண்டும் என்றும் செபித்தவனாகிறாய். வென்றாலும் நிதானம் தவறாமல் இருக்க, தோற்றாலும் கசப்பு வராமல் இருக்க, மேசையில் இருக்கும் எல்லோரும் நண்பராகவே எழுந்து செல்லச் செபி. தாலந்துகளின் உவமையில் எசமான் ஒருவனுக்கு ஐந்தும் ஒருவனுக்கு இரண்டும் ஒருவனுக்கு ஒன்றும் கொடுத்தான். திரும்பி வந்து, ஏன் உனக்கு ஒன்றுதான் கிடைத்தது என்று கேட்கவில்லை. அதை வைத்து என்ன செய்தாய் என்றே கேட்டான். யாங் தம் வெற்றிப் பணத்திற் பத்தில் ஒரு பங்கை அறப்பணிகளுக்குக் கொடுத்தார். அந்த ஆறு விழுந்ததைவிட எனக்கு அந்தப் பத்தில் ஒன்றே பெரிய சாட்சியாகத் தெரிகிறது. அவருடைய வெற்றிக் காப்போ வரிக் கடனுக்காகக் கைப்பற்றப்பட்டு 2013இல் ஏலத்தில் விற்கப்பட்டது. கொடுத்ததை எவராலும் ஏலம் போட முடியவில்லை.

வேதாகமத்தில் இன்னொரு சீட்டும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மையையே சொன்னவனாவேன். சிலுவையின் அடியில் போர்ச்சேவகர்கள் இயேசுவின் ஆடைகளை நான்கு பங்காக்கினார்கள். தையலில்லாத அங்கியைக் கிழிக்க மனமின்றி அதற்குச் சீட்டுப்போட்டார்கள். ஆளுக்கொரு பங்காக நான்கு பங்கு. முந்நூற்றிநாலு மேசையைப் போல. உலகத்தின் மிகப்பெரிய துயரம் தலைக்குமேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மிக அருகில் இருந்தவர்களின் கண்கள் சீட்டிலேயே இருந்தன.

இதுவே சூதாட்டத்தின் இலக்கணம் என்று நினைக்கிறேன். எந்த ஆட்டம் பக்கத்தில் இருப்பவரின் வலியைக் காணவொட்டாமற் செய்கிறதோ, அது சூது. பணம் சிறிதா பெரிதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. 1996இல் ஒறிலியாவுக்கு அருகே ராமாவில் சூதாட்ட மாளிகை திறந்தபோது அங்கு போய்வர எம்மவருக்கு ஒருநாள் தேவைப்பட்டது. 2021 ஜூலையில் பிக்கரிங்கிலேயே, 401 நெடுஞ்சாலையின் அருகே, ஒரு மாளிகை திறந்துவிட்டது. இரவு வேலை முடிந்து வருபவர் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அது இருக்கிறது. அங்குள்ள இயந்திரத்தின் முன் அமர்ந்தவருக்குக் கூட்டாளியும் இல்லை, எதிராளியும் இல்லை, முகம் என்று ஒன்றுமே இல்லை. வீட்டில் மனைவி வாடகைக்கு எண்ணி வைத்த பணம், ஊரில் தாய்க்கு அனுப்பவேண்டிய பணம், பிள்ளையின் பல்கலைக்கழகப் பணம் எல்லாம் சத்தமில்லாமல் உள்ளே போகும்.

உங்கள் வீட்டில் இது நடந்தால் மறைக்காதீர்கள். மானம் போய்விடும் என்று மறைத்த வீடுகளில்தான் கடன் வளர்ந்திருக்கிறது. ஒன்ராறியோவில் 1-866-531-2600 என்ற இலக்கத்தில் கொனெக்ஸ் ஒன்ராறியோ இரவும் பகலும் இலவசமாக வழிகாட்டுகிறது. தம்மைத் தாமே சூதாட்ட மாளிகைகளிலிருந்து விலக்கிப் பதிந்துகொள்ளும் ஏற்பாடும் உண்டு. அது பலவீனத்தின் அடையாளம் அன்று. நல்ல போக்கர்க்காரன் சீட்டை மடித்து வைப்பதைப் போன்ற புத்தி அது.

கடைசியாக, சீட்டைப் பற்றிச் சிந்தித்த ஒரு பெரிய கிறிஸ்தவரைச் சொல்லி முடிக்கிறேன். பிரான்ஸ் நாட்டின் பிளேஸ் பஸ்கால். 1654இல் சூதாடும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியையிட்டு அவரும் ஃபெர்மா என்ற கணித அறிஞரும் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். கேள்வி இதுதான்: பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை நீதியாகப் பங்கிடுவது எப்படி?

இருவர் ஆளுக்கு 32 நாணயம் வைக்கிறார்கள். முதலில் மூன்று முறை வெல்பவருக்கே 64உம். ஒருவர் இருமுறையும் மற்றவர் ஒருமுறையும் வென்றிருக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. பஸ்கால் சொன்னார்: அடுத்த முறை நடந்திருந்தால் முன்னவர் வென்று 64ஐயும் பெறலாம், அல்லது தோற்று இருவரும் சமமாகி 32 பெறலாம். ஆகவே 32 அவருக்கு எப்படியும் உரியது. மீதி 32இற் பாதி அவருக்கு, பாதி மற்றவருக்கு. முன்னவருக்கு 48, பின்னவருக்கு 16. இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நடந்து முடிந்த முறைகளை எண்ணி அவர் பங்கிடவில்லை. இனி நடக்கக்கூடியவற்றை எண்ணியே பங்கிட்டார். அதே ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவில் அவர் கடவுளை நெருப்பைப் போல உணர்ந்தார். அந்த அனுபவத்தை எழுதித் தம் சட்டையின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தது 1662இல் அவர் இறந்த பின்னரே தெரியவந்தது.

பாதியில் நின்ற ஆட்டம் என்றால் எமக்கு விளக்கம் தேவையில்லை. 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து வெளியேறிய சனங்கள் அடுப்பில் உலையையும் பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தையும் விட்டு வந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தியவர்களிடம் நீதி கேட்பது வேறு விடயம். அதைக் கைவிடும்படி எவரும் சொல்லக்கூடாது. ஆனால் எங்களுக்குள்ளே பங்கிடும்போது நாம் இன்னும் பழைய பிடிகளையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். எனக்கு எத்தனை பரப்புக் காணி, உனக்கு என்ன உத்தியோகம், எவர் முன்னர் கனடா வந்தார், எவருக்கு முதலிற் கடதாசி கிடைத்தது என்று. நேற்று வந்த குடும்பமும் முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்த குடும்பமும் ஒரே மேசையில் அமர்ந்தால், பஸ்காலின் கணக்குப்படி கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இனி இவருக்கு என்ன மிச்சமிருக்கிறது? அதற்கு என் கையில் உள்ள சீட்டு எவ்வாறு உதவும்?

வரும் சனிக்கிழமை கீழே சீட்டு நடக்கும்போது, புதிதாக வந்து ஆட்டம் தெரியாமல் ஒதுங்கி நிற்பவர் ஒருவரை உங்கள் கூட்டாளியாக எதிரே அமர்த்துங்கள். இரண்டு முறை தோற்பீர்கள். தோற்றால் என்ன? அவர் பிடிக்கப்போகும் பிடியில் உங்கள் ஆசைப் போடப் பழகுங்கள்.